பள்ளமா, சரிவா? உறைபனி பார்த்து நிலம் எடுங்கள்

நீலகிரியில் காய்கறி போடக் குத்தகைக்கு நிலம் தேடுபவர்கள் முதலில் விசாரிப்பது தண்ணீரை, அடுத்தது லாரி வரும் பாதையை. பனி எப்படி என்று கேட்பவர்கள் குறைவு. பயிரைக் கருக்குவது என்னவோ அதுதான்.

ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பம் சுமார் 6.5 டிகிரி குறையும் என்பது பொதுக் கணக்கு. ஏறத்தாழ 1,000 மீட்டரில் இருக்கும் கூடலூரில் பனிக்குப் பெரிதாக அஞ்ச வேண்டியதில்லை. 1,850 மீட்டரில் உள்ள குன்னூருக்கு வடகிழக்குப் பருவமழையின் மேகமும் ஓரளவு போர்வையாகிவிடுகிறது. 2,240 மீட்டரில் உள்ள ஊட்டியில் மழை ஓய்ந்து வானம் வெளுத்ததும் உறைபனி தொடங்கும்; டிசம்பரும் ஜனவரியும் கடுமை, பிப்ரவரியிலும் எட்டிப் பார்க்கும்.

இந்தக் கணக்கை வைத்து ஊரைத் தேர்ந்தெடுக்கலாம், நிலத்தைத் தேர்ந்தெடுக்க முடியாது. மேகமும் காற்றும் இல்லாத இரவில் தரை தன் சூட்டை வேகமாக இழக்கிறது. அதைத் தொட்டுக் குளிர்ந்த காற்று கனத்துப்போய்ச் சரிவில் இறங்கிப் பள்ளத்தில் தேங்குகிறது. ஊட்டி அருகே தலைக்குந்தாவில் புல்வெளி வெள்ளை விரித்த காலையில், அதைவிட உயரமான சரிவில் செடிகள் பச்சையாகவே நிற்பதுண்டு. இன்னொன்று: ஆள் உயரத்தில் தொங்கும் வெப்பமானி 3 டிகிரி காட்டும்போதே புல்நுனி உறைந்திருக்கும். செய்தியில் வரும் எண்ணை நம்பி ஏமாற வேண்டாம்.

உருளைக்கிழங்குக்குத்தான் நிலத்தேர்வு முக்கியம். ஆகஸ்ட், செப்டம்பரில் நடும் கடைபோகம் முற்றுவதற்குள் பனி வந்துவிடலாம். அதற்குச் சரிவு நிலமே சரி. மார்ச், ஏப்ரலில் நடும் கார்போகத்துக்குப் பள்ளமும் பரவாயில்லை. பாசனத்தை நம்பி ஜனவரி, பிப்ரவரியில் நடும் நீர்போகத்தில்தான் சிக்கல். தண்ணீர் இருப்பது பள்ளத்தில், பனி விழுவதும் அங்கேயே. ஜனவரியில் அவசரப்படாமல் பிப்ரவரியில் நட்டால், முளை வெளியே வரும்போது பனியின் கடுமை குறைந்திருக்கும்.

கேரட், முட்டைக்கோஸ், பூண்டு லேசான பனியைத் தாங்கும். தேயிலை தாங்காது, பள்ளத்தில் வைத்தவர்கள் தாகைச் செடியை வெட்டி வந்து மூடுகிறார்கள், வெயில் ஏறுமுன் ஸ்பிரிங்ளர் போடுகிறார்கள். அந்தக் கூலியையும் குத்தகையோடு சேர்த்துக் கணக்கிடுங்கள்.

உருளையும் தேயிலையும் என்றால், மோட்டார் வைத்துத் தண்ணீர் ஏற்ற வேண்டியிருந்தாலும் சரிவையே எடுங்கள். கேரட், கோஸ் மட்டும் என்றால் பள்ளம் போதும். எதுவானாலும் முன்பணம் கொடுக்குமுன் ஒரு ஜனவரி விடியலில் நிலத்தைப் போய்ப் பாருங்கள். புல் வெள்ளையாகக் கிடந்தால் விலையைக் குறைத்துப் பேசலாம்.