பழைய கணிப்பொறி: மேம்பாடா, மாற்றமா?

கல்கத்தாவிலுள்ள இந்தியப் புள்ளியியல் நிறுவனம் 1955-இல் பிரிட்டனிலிருந்து ஹெச்.இ.சி.-2எம் என்னும் கணிப்பொறியைத் தருவித்தது. வெற்றிடக் குழாய்களால் இயங்கிய அதன் காந்த உருளை நினைவகம் 1,024 சொற்கூறுகளையே தாங்கவல்லது. அத்தகைய அமைப்பை ஓரளவுக்கு மேல் விரிவாக்குதல் அரிது. யாதவ்பூர் பல்கலைக்கழகத்துடன் இணைந்து அந்நிறுவனம் உருவாக்கிய டிரான்சிஸ்டர் கணிப்பொறி 1966-இல் செயற்பாட்டுக்கு வந்தது. அடிப்படை அமைப்பே தடையாகும்போது மாற்றமே வழியாகிறது.

இல்லக் கணிப்பொறிக்கும் இது பொருந்தும். வேகக் குறைவுக்கு நினைவகப் பற்றாக்குறையோ பழைய சுழல்வட்டோ காரணமாயின், அவற்றை மட்டும் மாற்றுவது சிக்கனமாகும். நகரின் சாந்தினி சௌக் சந்தையில் இப்பாகங்கள் கிடைக்கின்றன. செயலியும் தாய்ப்பலகையும் தேவையான மென்பொருளை ஏற்காவிடில், உதிரிப் பாகங்களுக்கான செலவு பயனற்றதாகும். ஆகவே தடை எப்பாகத்தில் உள்ளதென்று முதலில் அறிதல் வேண்டும். கழிக்கப்படும் பொறியைப் பதிவுபெற்ற மறுசுழற்சியாளரிடம் ஒப்படைத்தல் நன்று.