அட்டவணையைப் பாதுகாப்பாக நீக்குதல்

மாணவர்களே, அட்டவணை ஒன்றை உருவாக்கும் படிமுறைகளை நீங்கள் நன்றாக எழுதுவீர்கள். ஆனால் நீக்குவது எவ்வாறு என்று கேட்டால், "டிலீட் சாவியை அழுத்த வேண்டும்" என்று ஒரு வரியில் முடித்துவிடுவீர்கள். அது போதாது. ஏன் எனப் பார்ப்போம்.

தொடர்புநிலைத் தரவுத்தள மாதிரியை 1970 இல் எட்கர் கொட் முன்வைத்தார். இதில் தரவுகள் பல அட்டவணைகளில் வைக்கப்பட்டு, சாவிகளால் தொடர்புபடுத்தப்படுகின்றன.

உதாரணம்: பாடசாலை நூலகத் தரவுத்தளம்

மாணவர் (சுட்டெண், பெயர், வகுப்பு)
நூல் (நூல் இலக்கம், தலைப்பு)
இரவல் (இரவல் இலக்கம், சுட்டெண், நூல் இலக்கம், திகதி)

மாணவர் அட்டவணையின் முதன்மைச் சாவி சுட்டெண் ஆகும். அதுவே இரவல் அட்டவணையில் அந்நியச் சாவியாக உள்ளது.

மாணவர் அட்டவணையை மட்டும் நீக்கினால் என்ன நடக்கும்? இரவல் அட்டவணையில் 1045 என்ற சுட்டெண் இருக்கும். அது யாருடையது என அறிய முடியாது. நூலைத் திருப்பித் தரும்படி யாரிடம் கேட்பது?

மைக்ரோசொப்ட் அக்செஸ் இவ்வேளையில், தொடர்புகளை இப்போதே நீக்கவா என்று கேட்கும். சிந்திக்காமல் ஆம் என்று கொடுத்தால் தொடர்பும் போய்விடும், அட்டவணையும் போய்விடும். எனவே எச்சரிக்கையை வாசித்த பின்பே விடை கொடுங்கள்.

பின்பற்ற வேண்டிய படிமுறைகள்

1. தரவுத்தளக் கோப்பின் பிரதியொன்றை வேறு இடத்தில் சேமித்து, அது திறக்கிறதா எனப் பார்க்கவும்.
2. அந்த அட்டவணையுடன் தொடர்புடைய ஏனைய அட்டவணைகளை இனங்காணவும்.
3. அதைப் பயன்படுத்தும் வினவல்கள், படிவங்கள், அறிக்கைகளைக் குறித்துக்கொள்ளவும். அட்டவணை போனபின் அவை சரியாக இயங்கமாட்டா.
4. அட்டவணையை மூடி, தேவையற்ற தொடர்பை நீக்கவும்.
5. பெயரைச் சரிபார்த்தபின் அட்டவணையை நீக்கவும்.

கவனிக்க: பதிவுகளை நீக்கினால் அட்டவணையின் கட்டமைப்பு எஞ்சியிருக்கும். அட்டவணையை நீக்கினால் பதிவுகள், கட்டமைப்பு இரண்டும் இல்லாமற் போகும். புதிய ஆண்டுக்காகப் பழைய பதிவுகளை அகற்றவேண்டுமாயின் அட்டவணையை நீக்கத் தேவையில்லை.

மாதிரி வினா

மேலுள்ள மூன்று அட்டவணைகளையும் நீக்கவேண்டுமாயின் முதலில் நீக்கவேண்டியது எது? காரணம் தருக.

விடை: இரவல் அட்டவணை. அந்நியச் சாவிகள் அதிலேயே உள்ளன. வேறெந்த அட்டவணையும் அதில் தங்கியிருக்கவில்லை. அதன்பின் மற்றைய இரண்டையும் எந்த ஒழுங்கிலும் நீக்கலாம்.

விடையுடன் காரணத்தையும் எழுதப் பழகுங்கள்.