பாட்டியின் சீலையிலிருந்து தொடங்கு

கண்ணு, கேமராவைத் தோளில் மாட்டிக்கொண்டு குப்பம் குப்பமாகப் போகத் தொடங்கிவிட்டாய் என்று உன் அம்மா சொன்னாள். சந்தோஷம். பங்குனி பிறந்தால் பழவேற்காட்டில் புங்கையும் பூவரசும் பூத்து நிற்கும். மரத்தடியில் குடும்பத்தோடு ஒரு படம் வேண்டும் என்று உன்னைக் கூப்பிடுவார்கள். கூப்பிட்ட கையோடு, என்ன கலர் உடுத்தலாம் என்றும் கேட்பார்கள். அதற்கு நீ என்ன சொல்ல வேண்டும் என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

1. மரத்தைப் பார்த்து நிறம் சொல்லத் தொடங்காதே. அந்த வீட்டில் யாருக்கு மாற்றுத்துணி குறைவோ, அவரிடமிருந்து தொடங்கு. பெரும்பாலும் அது பாட்டியாக இருக்கும். கூனங்குப்பத்தில் ஒரு வீட்டில் மகன்கள் எல்லோரும் ஒரே நீலத்தில் சட்டை எடுத்து வந்துவிட்டார்கள். பாட்டியிடம் நல்லதாக இருந்ததோ ஒரே ஒரு பொடிக்கலர் சீலை. “நான் ஓரமா நிக்கிறேன்பா” என்று ஒதுங்கினாள். மூத்த மருமகள் ஒன்றும் பேசவில்லை. உள்ளே போய்த் தன் புதுப்புடவையை அவிழ்த்துவிட்டுப் பழைய சந்தனக்கலர் சீலையைக் கட்டிக்கொண்டு வந்து, பாட்டியின் தோளை ஒட்டி நின்றாள். பேரப்பிள்ளைகள் இருவருக்கு அரக்குச் சட்டை மாட்டி முன்னால் உட்கார வைத்தாள். பொடிக்கலர் நடுவுக்கு வந்தது, நீலம் ஓரத்துக்குப் போனது. நிறம் பொருத்துவதை நான் அந்தப் பெண்ணிடம்தான் படித்தேன்.

2. புதுத்துணி எடுக்கச் சொல்லாதே. விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை. காசிமேட்டில் படகேறும் ஆண்கள் வீட்டில் இருப்பது அப்போதுதான். கையில் காசு இல்லாததும் அப்போதுதான். நீ போகிறபோக்கில் சொல்லும் ஒரு நிறம் அவர்கள் தலையில் கடனாக ஏறும். பெட்டியில் இருப்பதையெல்லாம் பாயில் விரிக்கச் சொல். இரண்டு மூன்று நிறம் அங்கேயே ஒத்துப்போகும். எல்லோருக்கும் ஒரே நிறம் வேண்டியதே இல்லை.

3. பிறகு மரத்தைப் பார். பூவரசம்பூ காலையில் மஞ்சள், சாயங்காலம் சிவந்துவிடும். அதன் நடுவில் இருக்கும் அரக்கைக் கவனி. அந்த மரத்தடியில் அரக்கும் வெங்காயக்கலரும் அழகு. சித்திரையில் கொன்றை பூத்தால் மஞ்சளைத் தவிர்த்து எம்.எஸ். நீலத்துக்குப் போ. புங்கைக்கு மயில்கழுத்து. கிளிப்பச்சை மட்டும் எந்த மரத்தடியிலும் இலையோடு இலையாகப் போய்விடும்.

4. வெள்ளை வேட்டியிடம் எச்சரிக்கையாக இரு. அடர்ந்த இலைக்கு நேர் கீழே நிறுத்தினால் அதில் பச்சை இறங்கும். உச்சிவெயிலில் நிறுத்தினாலோ ஏரியும் மணலும் திருப்பி அடிக்கும் வெளிச்சத்தில் துணி வெளிறி, கறுத்த முகம் இருண்டு போகும். நிழல் முடிகிற விளிம்பில் நிறுத்து. காலை எட்டு மணிக்குள் அல்லது மாலை ஐந்துக்கு மேல் எடு. கணவனை இழந்து வெள்ளை மட்டும் உடுத்தும் பெரியம்மாக்கள் இருப்பார்கள். படத்துக்காக அவர்களை நிறம் மாற்றச் சொல்லாதே. அவர்களாகவே நிறம் கட்ட ஆசைப்பட்டால், தடுக்கிறவர் பக்கம் சேராதே.

5. தாத்தா கைலியோடு நிற்கிறேன் என்றால் நிற்கட்டும். இந்தக் கரையில் சாயவேர்ச் சிவப்பேற்றிய துணியைத் தேடித்தான் டச்சுக்காரர்கள் வந்தார்கள். 1613-இல் இங்கே கெல்ட்ரியா கோட்டையைக் கட்டினார்கள். நம் துணியைக் கப்பலேற்றிக் கொண்டுபோய்க் கீழ்த்திசைத் தீவுகளில் மிளகுக்கும் கிராம்புக்கும் மாற்றினார்கள். மலேசியாவில் கட்டம்போட்ட கைலிக்கு இன்றும் நம் ஊர்ப் பெயர்தான். தாத்தா அதை உடுத்துவதில் என்ன குறை? பொடிக்கட்டமாக இருந்தால் மட்டும் கொஞ்சம் நெருங்கிப் போய் எடு. தூரத்திலிருந்து எடுத்தால் படத்தில் கட்டங்கள் அலை அலையாக நெளியும்.

6. ஏரியில் இடுப்பளவு தண்ணீரில் இறால் தடவும் பெண்கள் எப்போது கரையேறுவார்கள் என்று கேட்டுக்கொண்டு நேரம் குறி. குளித்துத் தலை ஆற்ற அவர்களுக்கு நேரம் வேண்டும்.

7. ஆள் பாதி, ஆடை பாதி என்பார்கள். உன் படத்தில் ஆள் முக்கால் இருக்கட்டும். “பிள்ளையைக் கொஞ்சம் வெளுப்பாக்கிக் குடுங்க” என்று ஒரு தகப்பன் என்னிடம் கேட்டபோது அந்தச் சிறுமி பக்கத்திலேயே நின்றிருந்தாள். பாவாடையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு தன் கால்களையே பார்த்தாள். உன்னிடமும் கேட்பார்கள். மாம்பழ மஞ்சளும் அரக்கும் ராமர் பச்சையும் கறுத்த மேனியில்தான் எடுப்பாக நிற்கும். அதைத் தகப்பனிடம் சொல், பிள்ளையின் காதிலும் விழும்படி சொல். முகத்தின் நிறத்தில் மட்டும் கை வைக்காதே, கூலியைக் குறைத்துக் கொடுத்தாலும் சரி.