பருப்பு தரும் துப்பு

கல்லீரல் சுருக்கம் உள்ள என் கணவருக்கு ரத்தத்தில் ஏஎஃப்பி என்ற புரதம் கூடியிருக்கிறது. டாக்டர் 'ஏஎஃப்பி-எல்3' டெஸ்ட்டும் எடுக்கச் சொல்கிறார். ஒரே புரதத்துக்கு எதற்கு இரண்டு டெஸ்ட்?

எடுத்துவிடுங்கள் அம்மா, வீண் செலவில்லை. ஏஎஃப்பி, கல்லீரல் அழற்சியிலும் கூடும், புற்றுநோயிலும் கூடும். அளவை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது. ஆனால் புற்றுநோய் செல் உண்டாக்கும் ஏஎஃப்பியின் சர்க்கரைக் கிளையில் பெரும்பாலும் ஃபியூகோஸ் என்ற சர்க்கரை கூடுதலாக ஒட்டியிருக்கும். மைசூர் பருப்பிலிருந்து எடுக்கும் லெக்டின் என்ற புரதம் அந்த வகையைக் கப்பென்று பிடித்துக்கொள்ளும். (பருப்புக்குச் சாம்பாரைத் தாண்டியும் வேலை உண்டு!) பிடிபட்ட அதுதான் எல்3; அது மொத்த ஏஎஃப்பியில் 10 சதவீதத்தை எட்டினால் சந்தேகம் வலுக்கும். குறைவாக வந்தால் ஸ்கேன் வேண்டாமே என்று தோன்றும். அப்படி விட முடியாது. சிறு கட்டிகள் பல இந்த வலையில் சிக்குவதில்லை. டாக்டர் சொல்லும் ஸ்கேனைத் தள்ளிப்போடாதீர்கள்.