வீட்டில் கிற்றாருக்குக் கார் பெயின்ற் அடிப்போர் கவனத்திற்கு

எமது பிள்ளைகள் பலர் இன்று வயலின், மிருதங்கத்தோடு கிற்றாரும் பழகுகிறார்கள். பழைய கிற்றார் ஒன்றை மலிவாக வாங்கி, அதன் நிறத்தை வீட்டிலேயே மாற்றுவது இளையோரிடையே ஒரு பொழுதுபோக்காக வளர்ந்து வருகிறது. இதற்குப் பெரும்பாலும் கார்களுக்கு அடிக்கும் பெயின்ற் பயன்படுகிறது. இது புதிய வழக்கமன்று. அமெரிக்காவின் பென்டர் நிறுவனம் 1950களிலும் 1960களிலும் விசேட நிறம் கேட்டவர்களுக்குக் கார் பெயின்றையே அடித்துக் கொடுத்தது. அதன் புகழ்பெற்ற 'லேக் பிளாசிட் புளூ' என்ற நீலம் 1958ஆம் ஆண்டுக் கடிலாக் காரின் நிறமாகும்.

கைவேலை பழகும் பிள்ளையை மறிக்க வேண்டும் என்று நாம் சொல்ல வரவில்லை. ஆனால் எந்தப் பெயின்ற், எந்த இடத்தில், எந்த முகமூடியுடன் என்ற மூன்று கேள்விகளுக்கும் விடை தெரியாமல் இந்த வேலையைத் தொடங்கக் கூடாது.

இரண்டு வகைப் பெயின்ற்

கடையில் ஸ்பிறே ரின்னில் கிடைக்கும் சாதாரண கார் பெயின்ற் '1கே' எனப்படும். இதிலுள்ள அசிற்றோன், சைலீன், பியூற்றைல் அசிற்றேற் போன்ற கரைப்பான்கள் ஆவியாகிப் போக, பெயின்ற் காய்கிறது. இந்த ஆவியைச் சுவாசித்தால் தலையிடி, தலைச்சுற்று, குமட்டல், கண் எரிவு ஏற்படும். நல்ல காற்றுக்கு வந்தால் பொதுவாக இவை தணிந்துவிடும்.

'2கே' எனப்படுவது வேறு. இதில் பெயின்றுடன் இறுக்கி ஒன்று கலக்கப்படுகிறது. இரண்டும் இரசாயனத் தாக்கமடைந்து கண்ணாடி போல இறுகும். மினுக்கம் மிக நன்றாக இருப்பதால்தான் இளைஞர்கள் இதனை விரும்புகிறார்கள். ஆனால் அந்த இறுக்கியில் இருப்பது ஐசோசயனேற்று என்ற பொருள். தொழில் காரணமாக ஏற்படும் ஆஸ்துமாவுக்கு உலகெங்கும் முக்கிய காரணங்களில் இதுவும் ஒன்று. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2023 ஓகஸ்ற் முதல், பயிற்சி பெறாத தொழிலாளர்கள் இதனைக் கையாளவே முடியாது.

ஐசோசயனேற்று என்ன செய்கிறது?

இது நுரையீரலின் நோயெதிர்ப்புத் தொகுதியைத் தூண்டிவிடுகிறது. சிலருக்கு மாதக்கணக்கில் பழகிய பின்னரும், சிலருக்கு ஒரே தடவை அதிக அளவில் சுவாசித்த பின்னரும் இந்த ஒவ்வாமை தோன்றலாம். தோன்றிவிட்டால், பிறகு மிகச் சிறிய அளவே மூச்சு முட்டுவதற்குப் போதும். தோலில் படுவதாலும் இந்த ஒவ்வாமை உருவாகலாம். தீங்கு செய்யும் அளவில் இருக்கும்போதும் இதன் மணம் எமக்குத் தெரியாது. "மணம் பெரிதாக இல்லை, பிரச்சினை இல்லை" என்பது இங்கே பொருந்தாது.

எம்மிடம் வந்த 19 வயது இளைஞர் ஒருவருக்கு இரவில் இருமலும் நெஞ்சு இறுக்கமும். தடிமன் என்று நினைத்திருந்தார். ஆனால் வார நாட்களில் குறைந்து, சனி, ஞாயிறு இரவுகளில் கூடியது. வார இறுதியில் என்ன செய்கிறீர் என்று கேட்டபோதுதான் விடயம் வெளிவந்தது. உறவினர் ஒருவர் தான் வேலை செய்யும் இடத்தில் மிஞ்சிய 2கே பெயின்றையும் இறுக்கியையும் போத்தல்களில் ஊற்றிக் கொடுத்திருக்கிறார். குளிர் என்பதால் கராச் கதவைப் பூட்டிவிட்டு, கடதாசி முகமூடியுடன் கிற்றாருக்கு அடித்திருக்கிறார். அவர் படித்துக்கொண்டிருந்ததோ கார் திருத்தும் தொழில். ஆஸ்துமா கட்டுப்பாட்டுக்குள் வந்தது; ஆனால் பெயின்ற் அடிக்கும் பிரிவில் அவர் இனி வேலை செய்ய இயலாது.

அறிகுறிகள் உடனே வராமல், சில மணித்தியாலங்கள் கழித்து இரவில் வருவது இந்த நோயின் இயல்பு. அதனால்தான் பலர் காரணத்தைத் தவறவிடுகிறார்கள்.

முகமூடி பற்றி

துணி முகமூடியும் தூசுக்கான கடதாசி முகமூடியும் கரைப்பான் ஆவியைத் தடுக்கா. 1கே பெயின்றுக்கு ஏ2பி3 வகை வடிகட்டி பொருத்திய இறப்பர் முகமூடி தேவை. அந்த வடிகட்டியில் மண்ணிறப் பட்டியும் வெள்ளைப் பட்டியும் இருக்கும். தாடி இருந்தால் முகமூடி முகத்தோடு பொருந்தாது; இடைவெளியால் ஆவி உள்ளே போகும்.

2கே பெயின்றுக்கு இதுவும் போதாது. வடிகட்டி தீர்ந்துபோனதை மணத்தால் அறிய முடியாததால், தொழிற்கூடங்களில் வெளியிலிருந்து குழாய் வழியாகச் சுத்தமான காற்று தரும் முகக்கவசம் அணிந்து, காற்றை உறிஞ்சி வெளியேற்றும் தனி அறையில் அடிக்கிறார்கள். இந்த வசதி எந்த வீட்டிலும் இல்லை. ஆகவே எமது ஆலோசனை ஒன்றுதான்: 2கே பெயின்றை வீட்டில் அடிக்க வேண்டாம்.

பாதுகாப்பாகச் செய்யும் முறை

1. பழைய பூச்சை மரம் தெரியும்வரை நீக்கத் தேவையில்லை. அது உறுதியாக ஒட்டியிருந்தால் 320 அல்லது 400 இலக்க அரத்தாளால் மினுக்கம் போகும்வரை தேய்த்தால் போதும். இதனால் தூசும் குறையும். மரத்தில் நீர் படாத இடங்களில் நனைத்துத் தேய்ப்பது இன்னும் நல்லது.

2. மிகப் பழைய பெயின்றில் ஈயம் இருக்கலாம். வயது தெரியாத பூச்சை உலர்ந்த நிலையில் தேய்க்க வேண்டாம். சிறு பிள்ளைகளின் மூளை வளர்ச்சியை ஈயம் பாதிக்கும்.

3. பெயின்ற் நீக்கும் திரவங்களில் டைகுளோரோமீதேன் உள்ளதா என்று பாருங்கள். இது உடலுக்குள் சென்று காபனோரொட்சைட்டாக மாறும். மூடிய அறைகளில் உயிரிழப்புகள் நேர்ந்துள்ளன. அமெரிக்காவில் 2019இலும், ஐரோப்பிய ஒன்றியத்தில் அதற்கு முன்பும் பொதுமக்களுக்கு விற்பது தடுக்கப்பட்டது. கராச்சில் கிடக்கும் பழைய ரின்களில் இன்னும் இருக்கலாம்.

4. காற்று அதிகம் வீசாத, மழையில்லாத நாளில் வெளியே வைத்து அடியுங்கள். குளிர்காலமானால் வசந்தம் வரை பொறுத்திருங்கள். ஈரக் காற்றில் பெயின்ற் வெண்மை படர்ந்து கெட்டுப்போவதால் பொறுமையில் இலாபமும் உண்டு.

5. கரைப்பான் ஆவி காற்றிலும் பாரமானது. நிலத்தோடு படர்ந்து சென்று கொதிகலன் சுவாலையில் தீப்பற்றலாம். நிலக்கீழ் அறையில் ஒருபோதும் அடிக்க வேண்டாம்.

6. நைற்றைல் கையுறையும் கண்ணாடியும் அணியுங்கள். தோலில் பட்டால் தின்னரால் துடைக்காமல் சவர்க்காரமும் நீரும் கொண்டு கழுவுங்கள்.

7. மெல்லிய பூச்சுகளாக அடித்து, மூன்று நான்கு கிழமைகள் காயவிட்டு, பின்னர் மினுக்குங்கள். மணம் போகும்வரை கிற்றாரைப் படுக்கையறையில் வைக்க வேண்டாம்.

8. ஆஸ்துமா உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் குழந்தைகளும் அருகில் இருக்கக் கூடாது.

9. தின்னரைச் சோடாப் போத்தலில் ஊற்றி வைக்க வேண்டாம். பிள்ளை குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். அது நுரையீரலுக்குள் போகும். உடனே வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லுங்கள்.

எப்போது வைத்தியரிடம் செல்வது?

கண்ணில் பட்டால் ஓடும் நீரில் 20 நிமிடம் கழுவிவிட்டு மருத்துவ உதவி பெறுங்கள். இழுப்பு, இரவு இருமல், நெஞ்சு இறுக்கம் வந்தால் பெயின்ற் வேலையை நிறுத்தி, குடும்ப வைத்தியரைச் சந்தியுங்கள். என்ன அடித்தீர்கள் என்பதை அவர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள். ரின்னின் படத்தைக் காட்டுங்கள். பேச முடியாத அளவு மூச்சு முட்டினாலோ உதடு நீலம் பாய்ந்தாலோ உடனே அவசர வண்டியை அழையுங்கள்.

கார் திருத்தும் இடங்களில் வேலை செய்யும் எமது சகோதரர்களுக்கு ஒரு வேண்டுகோள். மிஞ்சிய 2கே பெயின்றை அன்பின் காரணமாகப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிடாதீர்கள். ஒரு 1கே ரின் வாங்கிக் கொடுங்கள். அடிக்கும்போது பக்கத்தில் நின்று முகமூடி சரியாகப் பொருந்தியிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். உங்கள் தொழிலறிவு பிள்ளைக்குப் பயன்படுவது அப்படித்தான்.