கன உலோகங்களும் இறாலின் உடலியக்கமும்

மும்பை மாநகரின் இருபுறமும் கடல்நீர் உட்புகும் கழிகள் உள்ளன. மேற்கே மாஹிம் கழி. விஹார், பவாய் ஏரிகளின் உபரிநீரைக் கொண்டு ஏறத்தாழ 18 கிலோமீட்டர் ஓடிவரும் மித்தி ஆறு, தாராவியை ஒட்டி இக்கழியில் கலக்கிறது. கிழக்கே, செம்பூர், டிராம்பே பகுதிகளுக்கு அப்பால் தாணே கழி. தாராவியே ஒரு காலத்தில் கோளி மீனவர்களின் குப்பமாக இருந்தது. இன்று இக்கழிகள் நகரின் சாக்கடை நீரையும் ஆலைக் கழிவையும் ஏற்கின்றன. அக்கழிவில் கலந்துள்ள கன உலோகங்கள் இறாலின் உடலில் எவ்வாறு செயற்படுகின்றன என்பதை அறிவது, மீன்வளத் துறைக்கும் மாசுக் கட்டுப்பாட்டுத் துறைக்கும் ஒருங்கே இன்றியமையாததாகும்.

உலோகங்கள் வரும் வழி

தோல் பதனிடுதலில் குரோமியமும், மின்முலாம் பூசுதலில் குரோமியம், நிக்கல், காட்மியம் ஆகியவையும் பயன்படுகின்றன. காஸ்டிக் சோடா ஆலைகள் முற்காலத்தில் பாதரச மின்கலங்களைக் கையாண்டன. தாணே கழியின் பாதரசம் குறித்துத் தேசியக் கடலாய்வு நிறுவனத்தின் ஆய்வாளர்கள் 1981ஆம் ஆண்டிலேயே ஆய்வுரை வெளியிட்டுள்ளனர். கரிமக் கழிவுகள் காலப்போக்கில் சிதைந்துவிடும், உலோகங்களோ சிதைவதில்லை. அவை நுண்துகள்களில் ஒட்டி, சேற்றில் படிந்து தங்குகின்றன.

அச்சேறே இறாலின் உறைவிடமும் உணவுக்களமும் ஆகும். வெள்ளை இறால் போன்ற இனங்கள் கடலில் முட்டையிடுகின்றன. இளம் குஞ்சுகள் ஓதத்துடன் கழிகளுக்குள் வந்து, சில மாதங்கள் வளர்ந்து, மீண்டும் கடலுக்குத் திரும்புகின்றன. எனவே கழியில் நேரும் கேடு கடலில் கிடைக்கும் பாட்டையும் குறைக்கவல்லது.

உடலுக்குள் நிகழ்வன

இறாலின் குருதியில் உயிர்வளியைச் சுமப்பது தாமிரம் அடங்கிய ஹீமோசயனின் என்னும் புரதம். ஆகவே தாமிரம் அதற்குத் தேவையான பொருளே. அளவு மிகும்போதுதான் நஞ்சாகிறது. காட்மியம், பாதரசம், ஈயம் ஆகியவற்றால் இறாலுக்கு அறிந்த பயன் எதுவும் இல்லை.

இவை முதலில் தாக்கும் உறுப்பு செவுள். மூச்சுவிடுதல் மட்டுமன்றி, உடலின் உப்புச் சமநிலையைக் காப்பதும் செவுளின் பணியாகும். சோடியத்தையும் பொட்டாசியத்தையும் இடம் மாற்றும் நொதி அங்கே இடையறாது இயங்குகிறது. பாதரசம் நொதிகளிலுள்ள கந்தகத் தொகுதிகளுடன் பிணைந்து அவற்றைச் செயலிழக்கச் செய்கிறது. காட்மியம் அளவில் கால்சியத்தை ஒத்திருப்பதால், கால்சியம் நுழையும் வழியாகவே உடலுள் புகுந்துவிடுகிறது. ஓடு உரித்தபின் புதிய ஓட்டை இறுக்குவதற்காக இறால் கால்சியத்தை மிகுதியாக ஈர்க்கும் வேளையில் இவ்வாபத்து பெருகுகிறது.

மழைக்காலத்தில் நிலைமை மேலும் கடுமையாகிறது. ஜூன் முதல் செப்டம்பர் வரை பெய்யும் மழையால் கழிநீரின் உப்புத்தன்மை தாழ்கிறது. கடல்நீரில் காட்மியத்தின் பெரும்பகுதி குளோரைடுடன் இணைந்திருக்கும். உப்புக் குறைந்த நீரில் அது தனி அயனியாக விடுபட்டு எளிதில் உடலுள் செல்கிறது. உப்புச் சமநிலையைக் காக்கச் செவுள் மிகுதியாக உழைக்க வேண்டிய அதே நேரத்தில் அதன் ஆற்றல் தடைப்படுகிறது.

உட்புகுந்த உலோகத்தின் பெரும்பகுதி, தலைப்பகுதியிலுள்ள கல்லீரல்கணையத்தில் சேர்கிறது. அங்கு மெட்டல்லோதயனின் என்னும் புரதம் அதனைப் பிணைத்து அடக்குகிறது. இப்பாதுகாப்பு இலவசமாகக் கிடைப்பதன்று. புரதத்தை ஆக்கவும் சிதைந்த திசுக்களைச் சீராக்கவும் இறால் தன் சேமிப்பான கிளைகோஜனையும் கொழுப்பையும் செலவிடுகிறது. வளர்ச்சிக்கு எஞ்சுவது குறைகிறது. கண்காம்பில் சுரக்கும் இயக்குநீர்கள் பாதிக்கப்படின் ஓடுரிப்பு தாமதமாகிறது. ஓடு உரியாமல் இறால் வளர இயலாது. சுருங்கக் கூறின், இறால் உயிரோடு இருக்கிறது. ஆயின் வளர்ச்சி குன்றுகிறது.

சோதனையின் குறை

சுற்றுச்சூழல் பாதுகாப்பு விதிகளின் (1986) பொதுத் தரங்களில், தூய்மைப்படுத்தப்பட்ட கழிவுநீரில் 96 மணி நேரத்திற்குப் பின் 90 விழுக்காடு மீன்கள் உயிருடன் இருத்தல் வேண்டும் என்ற உயிர்ச்சோதனை இடம்பெற்றது. உடனடி நஞ்சைத் தடுக்க இது உதவுகிறது. எனினும் நான்கு நாள் சோதனை சாவை மட்டுமே காணும்; மாதக்கணக்கில் நிகழும் நலிவைக் காணாது. மேலும் அது மீனை அளக்கிறது, இறாலை அன்று.

அத்தரங்களில் பாதரசத்திற்கு லிட்டருக்கு 0.01 மில்லிகிராம் என்ற வரம்பு உண்டு. நாளொன்றுக்கு 10 லட்சம் லிட்டர் கழிவை இவ்வரம்பிலேயே வெளியேற்றும் ஓர் ஆலையை எடுத்துக்கொள்வோமாயின், அது நாளுக்கு 10 கிராம், ஆண்டுக்கு 3.65 கிலோகிராம் பாதரசத்தைக் கழியில் சேர்க்கும். ஒவ்வொரு மாதிரியும் தேர்ச்சி பெறும். சேற்றில் இருப்போ ஏறிக்கொண்டே போகும்.

செய்ய வேண்டியவை

முதலாவதாக, நீரோடு சேற்றையும் இறாலையும் பருவந்தோறும் ஆராய்தல் வேண்டும். செவுள் நொதியின் செயல், கிளைகோஜன் அளவு, ஓடுரிப்பு இடைவெளி ஆகியவை இறப்புக்கு முன்பே எச்சரிக்கை தரும். இரண்டாவதாக, செறிவுக்கு மட்டுமன்றி மொத்தச் சுமைக்கும் வரம்பு வகுத்தல் வேண்டும். மூன்றாவதாக, தூர்வாருதலில் விழிப்புத் தேவை. 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூசில் 944 மில்லிமீட்டர் மழை பதிவான வெள்ளத்திற்குப் பின் மித்தி ஆற்றைத் தூர்வாருவது தவிர்க்க முடியாததாயிற்று. ஆனால் உயிர்வளியற்ற சேற்றில் சல்பைடாகக் கட்டுண்ட உலோகம், கிளறப்பட்டுக் காற்றுப் பட்டால் மீண்டும் கரையக்கூடும். அள்ளிய சேற்றைக் கொட்டும் இடமும் திட்டத்தின் பகுதியாக அமைதல் வேண்டும்.

மக்கள் நலனும் இதில் அடங்கியுள்ளது. பெரிய இறாலின் தலையை நீக்கிவிட்டுச் சதையை உண்கிறோம். மும்பையில் ஜவ்லா எனப்படும் கூனி இறாலோ தலையுடன் முழுமையாக உலர்த்தி உண்ணப்படுகிறது. மலிவான புரதமாக எளிய குடும்பங்களைச் சேரும் உணவு அது. ஆகவே சந்தை மாதிரிகளைச் சோதிக்கும்போது உரித்த சதையை மட்டும் எடுத்துக்கொள்வது போதாது. கூனியை அது உண்ணப்படும் வடிவிலேயே முழுமையாகச் சோதிப்பதே முறையாகும்.