வேதபாடம்: உங்கள் சாட்சி எப்படிப்பட்டது?

வாசிக்கவும்: பிலேமோன் 10-19, நீதிமொழிகள் 30:10



நம்மில் அநேகர் அம்பத்தூர் எஸ்டேட்டிலும் ஆவடியிலும் வேலை செய்கிறவர்கள். கம்பெனி மாறும்போது, புது இடத்துக்காரர் பழைய இடத்துக்குப் போன் பண்ணி, "அந்த ஆள் எப்படி சார்?" என்று விசாரிப்பது வழக்கம். "பழைய முதலாளி என்னவெல்லாம் சொல்லலாம் பாஸ்டர்?" என்று ஒரு வாலிப சகோதரன் ஜெபக்கூட்டம் முடிந்ததும் கேட்டார். அந்தக் கேள்வி என் இருதயத்தைக் குத்தியது.

முன்பு நான் ஒரு சின்னப் பட்டறையில் சூப்பர்வைசராக இருந்தேன். வேலையை விட்டுப் போன ஒருவரைக் குறித்துப் போனில் கேட்டார்கள். "கை சுத்தம் இல்லேன்னு பேசிக்கிறாங்க சார்" என்று சொல்லிவிட்டேன். கண்ணால் பார்த்ததல்ல, டீக்கடையில் கேட்டது. அவருக்கு அந்த வேலை கிடைக்கவில்லை. பிறகு ஸ்டாக் எண்ணினபோது, காணாமல்போன சாமான் குடோனிலேயே இருந்தது! அவர் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். மன்னித்தார். ஆனால் போன வேலை போனதுதான்.

1. சட்டம் என்ன சொல்லுகிறது?

வேலை செய்த தேதி, பதவி தவிர வேறொன்றும் சொல்லக்கூடாது என்று பலர் நினைக்கிறார்கள். பெரிய கம்பெனிகள் பல அப்படித் தங்களுக்கு விதி வைத்திருப்பது உண்மை. ஆனால் நம் நாட்டில் பொதுவாக அப்படிக் கட்டளையிடுகிற சட்டம் இல்லை. வேலைத்திறமை, வருகை, நடத்தை, விலகின காரணம் ஆகியவற்றை உண்மையாகச் சொல்லலாம்.

எல்லை போடுவது அவதூறு சட்டம். முன்பு இந்திய தண்டனைச் சட்டத்தின் 499-ஆம் பிரிவு. 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 356-ஆம் பிரிவு. தண்டனை இரண்டு வருஷம் வரை வெறுங்காவலாகவும் இருக்கலாம். ஆனால் தன் நலனையோ பிறர் நலனையோ காக்க நல்லெண்ணத்தோடு சொன்னதற்கு விதிவிலக்கு உண்டு. தகுந்த கவனமும் ஜாக்கிரதையும் இல்லாமல் செய்தது நல்லெண்ணம் ஆகாது என்றும் சட்டமே விளக்குகிறது. அப்படிப் பார்த்தால் அன்று நான் சொன்னதற்கு என்ன நியாயம் இருந்தது?

இங்கிலாந்திலும் 1994-ல் பிரபுக்கள் சபை, பழைய ஊழியரைப் பற்றிச் சான்று எழுதும் முதலாளிக்குக் கவனமாய் எழுதும் கடமை உண்டு என்று தீர்ப்புச் சொன்னது.

2. வேதம் என்ன சொல்லுகிறது?

வேலைக்காரனை எஜமானிடம் தூற்றுவதை நீதிமொழிகள் 30:10 கண்டிக்கிறது. ஆனால் உண்மையை மூடி மறைக்கவும் வேதம் கற்பிக்கவில்லை. ஒநேசிமுக்காகப் பவுல் பிலேமோனுக்கு எழுதினதைக் கவனியுங்கள். முன்பு அவன் பிரயோஜனமில்லாதவனாயிருந்ததை மறைக்கவில்லை (வச. 11). அவன் மாற்றத்தையும் சொல்லுகிறார். கடன் இருந்தால் தன் கணக்கில் போடச் சொல்லுகிறார் (வச. 18). எவ்வளவு அருமையான சிபாரிசு கடிதம்!

3. நாம் செய்யவேண்டியது

பதில் சொல்லும் இடத்தில் இருப்பவர்களே, ரிஜிஸ்டரைப் பார்த்துவிட்டுப் பேசுங்கள். கேட்டதற்கு மட்டும், உங்களுக்கே தெரிந்ததை மட்டும் சொல்லுங்கள். அவருடைய குடும்ப விஷயம், கடன் விஷயம் பேச வேண்டாம். "எனக்குத் தெரியாது" என்பதும் உண்மையான பதில்தான். விசாரணையில் நிரூபணமான திருட்டை, "ரொம்ப நல்லவர்" என்று மூடுவதும் பொய்ச்சாட்சியே.

வேலை தேடுகிறவர்களே, விலகும்போதே சர்வீஸ் சர்டிபிகேட் கேட்டு வாங்குங்கள். காசு கொடுத்து அனுபவச் சான்றிதழ் வாங்காதீர்கள். பாஸ்டரிடமும் பொய்ச் சான்று கேட்காதீர்கள், நான் தரமாட்டேன்.

பிரியமானவர்களே, உங்கள் வார்த்தையால் யாருடைய அப்பமாவது பறிபோயிருக்கிறதா? இந்த வாரமே அவர் வீட்டுக்குப் போங்கள். கர்த்தர் நம் நாவைக் காப்பாராக. ஆமென்!